சின்னத்திரையும் கோட்டோவியரும்

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் வெளிவந்த கேலிச்சித்திரம் நேயர்களுக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு மாமியார் கண்ணீர் வடிக்கிறாள். கூடத்தில் அமர்ந்திருக்கும் மாமியார், மருமகள், பேரன் மூவரும் கண்ணீர் வடிக்கின்றனர். பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அவ்வீட்டில் பொங்குவதற்கு உண்மையான காரணம் உள்ளது பால் ஒன்றுக்குத்தான்.

இப்படத்தைக் குறித்து நமக்கு ஏழு கடிதங்கள் வந்தன. நான்கு அன்பர்கள் சிரித்ததாக எழுதியிருந்தனர், மூவர் சினந்திருந்தனர். சினந்தவருள் டோம்பிவிலியிலிருந்து எழுதிய அம்மையார் ஒருவரின் சொற்கள் நம்மைச் சற்றே நிறுத்தி வைத்தன. "பகல் முழுதும் மராட்டியும் இந்தியும் கேட்டுக் களைத்த செவிக்கு இரவு எட்டு மணிக்குத்தான் தமிழ் கேட்கிறது. அதையும் கேலி செய்ய வேண்டுமா?" என்பது அவர் வினா. நியாயமான வினாவே. ஆகவே ஏழு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு, ஞாயிறன்று ஓவியர் இல்லம் சென்றோம்.

தம் பெயரை அச்சிடலாகாது என்பது அவர் நமக்கிட்டுள்ள நிபந்தனை. விளம்பர நிறுவனமொன்றில் முப்பதாண்டுகள் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். இப்பொழுது தொலைக்காட்சி பார்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டுள்ளார் என்று அவர் துணைவியார் கூறுகிறார். பார்க்கும் முறைதான் விந்தை. ஒலியை அறவே அடைத்துவிட்டு, மடியில் ஒரு தாளும் கையில் ஒரு பென்சிலுமாக அமர்கிறார்.

"ஒலி இருந்தால் இசை நம்மை ஏமாற்றிவிடும், தம்பி. இடி இடித்தால் ஏதோ நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒலியை அடைத்துப் பார்த்தால்தான் முகம் என்ன செய்கிறது என்பது தெரியும். பல தொடர்களில் முகம் ஒன்றுமே செய்வதில்லை. ஒரே முகத்தை மும்முறை கிட்டத்தில் காட்டுகிறார்கள். பென்சிலுக்கு அங்கே வேலையில்லை," என்றார்.

அப்படியானால் தமிழ்த் தொடர்கள் யாவும் வீணா என்று வினவினோம். அதையும் அவர் ஒப்பவில்லை. விஜய் தொலைக்காட்சியில் 2023-இல் தொடங்கிய "சிறகடிக்க ஆசை" தொடரின் நாயகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். நாயகி பூக்கட்டி விற்கிறாள். பூக்கட்டும் விரல்களை வரைந்து வரைந்து ஒரு குறிப்பேட்டையே நிரப்பியிருக்கிறார் நம் ஓவியர். "கைக்கு வேலை கொடுத்தால் முகம் தானே உயிர் பெறும்," என்பது அவர் கட்சி.

சன் தொலைக்காட்சியில் 2022-இல் வந்த "எதிர்நீச்சல்" தொடரைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிட்டது. அதில் ஆதி குணசேகரன் என்னும் கொடிய அண்ணனாக மாரிமுத்து நடித்தார். வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் அண்ணன் என்பது தேய்ந்துபோன அச்சு. ஆயினும் மாரிமுத்து அதைத் தம் தோளாலும் கழுத்தாலும் குரலாலும் ஒரு தனி மனிதனாக்கினார். 2023 செப்டம்பரில் அவர் காலமானார். பின்னர் அவ்வேடத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி தேர்ந்த கலைஞரே. என்றாலும் திரையில் தோன்றியவன் வேறொரு குணசேகரன். "அதுவன்றோ சான்று! அச்சு மட்டுமே இருந்திருந்தால் ஆள் மாறியது நமக்குத் தெரிந்தே இராது. நல்ல கேலிச்சித்திரம் ஒரு மனிதனுக்கே உரியதைப் பெரிதாக்கும். கெட்ட கேலிச்சித்திரம் ஒரு கூட்டத்துக்கு ஒட்டிய சீட்டைப் பெரிதாக்கும்," என்றார் ஓவியர்.

"பிக் பாஸ்" குறித்துக் கேட்டதற்கு, "வரைய ஒன்றுமில்லை. அவர்கள் ஏற்கெனவே வரைந்துகொண்டு வந்துவிடுகிறார்கள்," என்று கூறி அதனை முடித்துவிட்டார்.

நிற்க. நாம் உண்மையில் கேட்கச் சென்ற செய்தி வேறொன்று. இந்தித் தொடர்களில் நம்மவர் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பதே அது. காரணம் இருக்கிறது. நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன் ஐந்தாம் வகுப்பு மாணவன். பெயர் ஐயருமன்று, குலம் ஐயருமன்று. ஆயினும் வகுப்பில் அவன் பெயர் "ஐயர்". முதலில் அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். பின்னர் ஒருநாள், "பள்ளிக்கூட வாசலில் என்னிடம் தமிழில் பேசாதே, அம்மா," என்றானாம். அந்த அம்மையார் நம்மிடம் இதைச் சொன்னபோது குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

இந்த "ஐயர்" வந்த வழியை அறியாதார் மும்பைப் பகுதியில் இரார். 2008 ஜூலையில் தொடங்கி நாலாயிரம் பகுதிகளுக்கு மேல் சென்றுள்ள "தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா" தொடரில், கோகுல்தாம் குடியிருப்பில் வாழும் தமிழர் கிருஷ்ணன் ஐயர். தொழிலால் விஞ்ஞானி. ஆனால் நாலாயிரம் பகுதிகளைக் கண்டவரும் அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல இயலாது. அவருடைய பேச்சின் சாயல் தெரியும், அழகிய வங்காளப் பெண் இவரை எவ்வாறு மணந்தாள் என்று அண்டைவீட்டார் வியப்பது தெரியும், அவ்வளவே. (இத்தொடர் "சித்ரலேகா" என்னும் குஜராத்தி வார இதழில் தாரக் மேத்தா எழுதிவந்த பத்தியிலிருந்து பிறந்தது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். பத்தி எழுதுவோர்க்கு இத்தகைய செய்திகள் சிறிது தெம்பளிக்கும்.)

"ஐயர் வேடம் புனையும் தனுஜ் மகாஷப்தே தமிழரல்லரே, அதனால்தான் இக்குறையோ?" என்று கேட்டோம்.

ஓவியர் மறுத்துத் தலையசைத்தார். உள்ளே சென்று பழுப்பேறிய ஒரு தொகுப்பைக் கொணர்ந்தார். ஆர். கே. லக்ஷ்மணின் கேலிச்சித்திரங்கள்.

லக்ஷ்மண் 1921-இல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் இளவல், வாழ்நாளின் பெரும்பகுதி பம்பாயில் உழைத்தவர். 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் அவர் வரைந்த பொதுமனிதனைப் பார்க்காதவர் அரியர். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, வழுக்கையின் இருபுறமும் சிலும்பிய மயிர். வாய் திறந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. இவன் எம்மாநிலத்தான்? அங்கேதான் கதை. தொடக்கத்தில் லக்ஷ்மண் வங்காளி, தமிழர், பஞ்சாபியர் என்று பலரையும் படத்தில் நிறுத்தி நாட்டைக் காட்ட முயன்றார். நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் படம் முடிக்க வேண்டிய நெருக்கடி. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தார். இறுதியில் எஞ்சியவன் இவன் ஒருவனே.

"சீட்டுகளைக் கிழித்த பிறகு ஆள் கிடைத்தான், தம்பி," என்றார் ஓவியர்.

அந்த லக்ஷ்மணின் கற்பனையில் தோன்றியதே 1988-இல் தூர்தர்ஷனில் வந்த "வாக்லே கி துனியா". இயக்கியவர் குந்தன் ஷா. சீனிவாச வாக்லே ஒரு குமாஸ்தா, மராட்டியர். படைத்தவரோ தமிழ்க் குடும்பத்தவர். நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் மராட்டியரல்லர். ஆயினும் எந்த மராட்டியரும் "எங்களைக் கேலி செய்துவிட்டார்கள்" என்று நம்மிடம் குறைப்பட்டுக் கேட்டதில்லை. வாக்லேயின் தொல்லைகள் மராட்டியத் தொல்லைகள் அல்ல, குமாஸ்தாத் தொல்லைகள். இதனை முன்பதிவுக் கவுண்டரின் உட்புறம் அமர்ந்து பிழைக்கும் நாம் உறுதியாகச் சொல்வோம். 2021-இல் சோனி சப் தொலைக்காட்சி அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையை வைத்துப் புதிய தொடர் தொடங்கியபோது, பழைய வாக்லேயும் அவர் மனைவி ராதிகாவாக நடித்த பாரதி ஆச்ரேக்கரும் முதியவர்களாக மீண்டும் வந்தனர். நாம் முதலில் கண்டது அதைத்தான். பழையதைப் பின்னர்தான் தேடிக் கண்டோம். பழையதே மேல் என்பது நம் கருத்து. ஓவியருக்குப் புதியதன்மீது அவ்வளவு மனக்குறை இல்லை.

"மால்குடி டேஸ்" இன்னொரு சான்று. நாராயணின் கதைகள், இயக்கம் சங்கர் நாக், முகப்பில் வரும் கோட்டோவியங்கள் லக்ஷ்மணுடையவை, இசை நம் எல். வைத்தியநாதன். தென்னாட்டுச் சிறுவன் சுவாமி இந்தியில்தான் பேசினான். வடநாட்டு வீடுகள் அவனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தன. ஒருவரும் "ஐயோ, ஐயோ" என்று கத்தத் தேவைப்படவில்லை. (அத்தொடரில் மால்குடி நிலையமாக வந்தது சிவமொக்கா மாவட்டத்தின் அரசாளு ரயில் நிலையம். அதன் பழைய கட்டடத்தை 2020-இல் ரயில்வே அருங்காட்சியகமாக்கியது. நம் துறை செய்த நற்செயல்களுள் இதற்கு உயர்ந்த இடம் கொடுக்கிறோம். பிறர் உடன்படாவிட்டால் அது அவர்கள் விருப்பம்.)

ஆக, இந்தித் தொலைக்காட்சிக்குத் தென்னாட்டாரை மனிதராகக் காட்டத் தெரியாமலில்லை. தெரிந்திருந்தும், 1968-இல் "படோசன்" படத்தில் மெஹ்மூத் ஏற்ற மாஸ்டர் பிள்ளை என்னும் இசை வாத்தியாரின் அச்சையே பலரும் எடுத்து மை தடவுகின்றனர். அச்சு மலிவு, ஆளைப் பார்க்கப் பொழுது வேண்டும்.

சங்கத்தில் சிலர் ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேற்றித் தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டுமென்கின்றனர். ஓவியரிடம் இதனைக் கூறினோம். அவர் நகைக்கவில்லை. "அனுப்புங்கள். அதற்கு முன் நம் ஆண்டுவிழா நாடகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்," என்றார்.

அந்நாடகத்தில் ஒரு சேட்டு வந்தார். தலைப்பாகை, தொந்தி, வட்டிக் கணக்கு, "நம்பள் நிம்பள்" என்னும் பேச்சு. தமிழ்த் திரையில் பன்னெடுங்காலமாக நாம் கண்டு சிரித்த அதே சேட்டு. அரங்கின் மூன்றாம் வரிசையில் நம் அழைப்பை ஏற்று வந்திருந்த குஜராத்தி அண்டைவீட்டார் குடும்பத்தோடு அமர்ந்திருந்தனர். மொழி புரியாவிட்டாலும் தலைப்பாகை புரிந்திருக்கும். விருந்துண்டு, நன்றி கூறிச் சென்றனர். அவர்கள் சங்கத்தில் தீர்மானம் ஏதும் நிறைவேறியதாகத் தெரியவில்லை.

இருப்பினும் இவ்விடத்தில் நாம் ஓவியரோடு முழுதும் உடன்படுவதற்கில்லை. ஊரில் சிரிக்கப்படும் சேட்டுக்கு ஊரெங்கும் கடையும் உறவும் உண்டு. ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கு அவன் வகுப்பு மட்டுமே உலகம். இரண்டையும் ஒரே தராசில் இடுவது பொருந்தாது. இதனைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். தன்னைக் கேலி செய்பவனின் மூக்கை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் பிறகு அச்சம் இராது," என்றார். பையன் இரு வாரங்களாகச் சென்று வருகிறான். முதல் வாரம் வரைந்தது மூக்கன்று. ஓவியர் வீட்டுப் பூனை.

டோம்பிவிலி அம்மையாருக்கு ஓவியரின் விடை இது: தாம் கேலி செய்தது தமிழை அன்று, மும்முறை காட்டிய முகத்தை. எட்டு மணித் தமிழை அவர் கேட்கட்டும். பாலை மட்டும் இறக்கி வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

விடைபெறுமுன், இந்தித் தொடருக்கென்று ஒரு தமிழரை வரையச் சொன்னால் எவ்வாறு வரைவீர் என்று கேட்டோம். நம் பையிலிருந்த முன்பதிவுப் படிவத்தின் பின்புறத்திலேயே வரைந்தார். கல்யாண் நிலைய நடைமேடை, காலைக் கூட்டம், தோளில் பையும் கையில் உணவுப் பாத்திரமுமாக ஒருவர் அண்ணாந்து வண்டி நேரத்தைப் பார்க்கிறார். நெற்றியில் குறியில்லை, வாயில் சொல்லில்லை. "இதில் தமிழர் எங்கே?" என்றோம். சட்டைப்பையில் மடித்த ஒரு தாளை வரைந்து, அதில் கண்ணுக்கு எட்டாத அளவில் "அ" என்று எழுதினார்.

மறுநாள் அலுவலகத்தில் அப்படத்தை மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்தோம். பக்கத்து இருக்கை மராட்டிய நண்பர் எட்டிப் பார்த்தார். "இவர் எங்கள் தாணே மாமா அல்லவா? இவரை உமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.