பழகிய கைக்கு என்ன விலை?

சென்ற மாதம் எங்கள் சங்க ஆபீஸில் ஒரு சம்பவம் நடந்தது. சின்னச் சம்பவம்தான். ஆனால் அதில் தவறு செய்தவன் நான். ஆகவே அதைச் சொல்லிவிட்டு, அதையொட்டி என் அபிப்பிராயத்தையும் சொல்லுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பதால் பல வருஷங்களுக்கு முன்பே அதைப் போட்டுக் கொண்டோம். அதில் உட்கார்ந்து மனுக்களைத் தயாரிப்பவர் ஒரு பெண் தோழர். விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதம் விடாப்பிடியாக உட்கார்ந்து வேலையைக் கற்றுக் கொண்டார். திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துப் படித்து அவர் வேலை செய்வதில்லை. மேலே இடது மூலை, அதற்குக் கீழே மூன்றாவது வரி, அப்புறம் வலது பக்கம் – இப்படிக் கை தானாகப் போகும். நாற்று நடுகிற கை குனிந்து அளந்து பார்த்தா நடுகிறது? அது மாதிரி.

கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்த ஒரு வாலிபத் தோழர் வந்தார். "இந்த வெர்ஷன் பழசாகிவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. புதுசு போட வேண்டும்" என்றார். அவர் சொன்னது சரி. "போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட்டு முடித்தார்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் தோழர் வந்து உட்கார்ந்தார். கீழே இருந்த பட்டையைக் காணோம். மெனுவைக் காணோம். ஜன்னலைச் சுருக்கி ஒதுக்கும் பொத்தானையும் காணோம். ஒரு பெரிய படமும், மேலே ஒரு கோடும்தான் இருந்தன. அன்று பகல் 2 மணிக்குள் ஒரு மில் தொழிலாளியின் கிராஜுவிட்டி மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். மனு உள்ளே இருக்கிறது. எடுக்க வழி தெரியவில்லை. வாலிபத் தோழர் வேலைக்குப் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற நானும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மனுவுக்குச் சொந்தக்காரர், முப்பது வருஷம் ரிங் பிரேமில் நின்றவர், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன தோழர், ராத்திரியோட ராத்திரியா பிரேமை மாத்திப்புட்டு, காலையில புரொடக்ஷன் கேக்கறீங்க? மேனேஜர் மாதிரியில்ல இருக்கு!"

எனக்குச் சுரீரென்றது.

ஒன்றரை மணிக்கு அந்த வாலிபர் போனில் வழி சொல்லி, மனு வெளியே வந்தது. ஓடிப் போய்க் கொடுத்துவிட்டோம். ஆனால் சாயந்திரம் அந்தப் பெண் தோழர் என்னிடம் வந்து, "எனக்கு மண்டையில ஏறல தோழர். வேற படிச்ச ஆளாப் பாத்துக்கங்க" என்றார்.

மூன்று மாத உழைப்பில் சம்பாதித்த தைரியம் ஒரே நாளில் போயிற்று. அவர் எதையும் மறக்கவில்லை. அவர் கற்றதை நாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, அவரையே மூடமென்று நினைக்கும்படி செய்துவிட்டோம். மில்லில் புது மிஷின் வருகிறதென்றால் என்ன கேட்கிறோம்? முன்கூட்டிச் சொல், எங்களைக் கலந்து பேசு, பழகுவதற்கு நேரம் கொடு, அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதே என்கிறோம். அதே நாம் நம் சொந்த ஆபீஸில் என்ன செய்தோம்? அந்த மிஷினில் வேலை செய்கிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது எங்கள் ஆபீஸில் மட்டும் நடந்த விஷயமல்ல. 2011-ம் வருஷம் உலகம் பூராவும் நடந்தது.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் நம் கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற முன்பக்கம் வேறு, உள்ளே ஓடும் எஞ்சின் வேறு. முன்பக்கம் என்பது மிஷினின் கைப்பிடிகள், பொத்தான்கள் மாதிரி. அப்படிப்பட்ட முன்பக்கங்களில் ஒன்று க்னோம். 1997-ல் மெக்சிகோ நாட்டு வாலிபர்கள் இருவர் ஆரம்பித்தது. அதன் இரண்டாவது பதிப்பு 2002-ல் வந்தது. ஏறக்குறைய ஒன்பது வருஷம் அதன் தோற்றம் பெரிதாக மாறவில்லை. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, மூலையில் மெனு. பள்ளிக்கூடம், ஆபீஸ், வீடு என்று ஏராளமான பேர் அதில் கை பழகினார்கள்.

2011 ஏப்ரல் 6-ந் தேதி மூன்றாவது பதிப்பு வந்தது. பழைய மெனு போயிற்று. கீழ்ப்பட்டை போயிற்று. ஜன்னலைச் சுருக்கும் பொத்தானும் போயிற்று. அதே மாதம் 28-ந் தேதி, அநேகம் பேர் உபயோகித்து வந்த உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பும் தன் முகத்தை மாற்றிக்கொண்டது. யூனிட்டி என்ற புது முன்பக்கத்தைப் போட்டு, இடது ஓரத்தில் ஒரு செங்குத்துப் பட்டையை நிறுத்தியது. அந்தப் பதிப்பில் உள்ளே நுழையும்போது பழைய முகத்தைத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில், அக்டோபரில் வந்த அடுத்த பதிப்பில் அந்த வழியையும் எடுத்துவிட்டார்கள்.

மாற்றியவர்கள் பைத்தியக்காரர்களா? இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அந்தச் சமயத்தில் சின்னத் திரை கொண்ட மலிவான கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. விரலால் தொட்டு நடத்தும் கருவிகளும் வந்திருந்தன. திரைகள் உயரம் குறைந்து அகலம் கூடின. அப்படிப்பட்ட திரையில் மேலும் கீழும் பட்டை வைத்தால் வேலை செய்யும் இடம் குறுகும். ஓரத்தில் வைத்தால் இடம் மிச்சம். பழைய முன்பக்கத்துக்கு அஸ்திவாரமாக இருந்த கட்டுமானமும் பழசாகிவிட்டிருந்தது. ஆகவே மாறுதல் தேவைதான். அதை மறுப்பதற்கில்லை.

கேள்வி வேறு. மாறுதலின் செலவு யார் தலையில் விழுந்தது? புதுத் திரையை வரைந்தவர் தலையில் அல்ல. தினமும் அதில் வேலை செய்து பிழைக்கிறவர் தலையில் விழுந்தது. ஒருவர் நான்கு நாள் தடுமாறினால் நான்கு நாள் உழைப்பு நஷ்டம். அந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. புது அரிவாள் வாங்கினால், கை பழகும் வரை இரண்டு நாள் அறுப்பு குறையும். அதை விவசாயத் தொழிலாளி அறிவார். அரிவாள் செய்த பட்டறைக்காரருக்கு அது தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

அன்று ஜனங்கள் சொன்னார்கள். பலமாகவே சொன்னார்கள். லினக்ஸின் எஞ்சினை 1991-ல் எழுதி ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸே அதே 2011-ல் புது க்னோமைப் பகிரங்கமாகக் கண்டித்து, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முன்பக்கத்துக்கு மாறினார். லினக்ஸை ஆரம்பித்தவருக்கே கை தடுமாறியதென்றால், எட்டாம் வகுப்பு படித்த நம் தோழர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது. சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. லினக்ஸ், க்னோம் எல்லாம் ஒரு பொது உரிமையின் கீழ் வெளியிடப்படுபவை. அவற்றின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமையை எழுத்தில் வைத்துப் பத்திரப்படுத்திய சாசனம் 1989-லேயே வந்துவிட்டது. அந்த உரிமையின்படி, 2011-லேயே அர்ஜெண்டினா நாட்டைச் சேர்ந்த ஒருவர் கைவிடப்பட்ட பழைய க்னோமை எடுத்து, "இதை நான் பராமரிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேட் என்று பெயர். தென் அமெரிக்க ஜனங்கள் டீ மாதிரி குடிக்கிற ஒரு பானத்தின் பெயர் அது. பலர் கூடச் சேர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பை நடத்தியவர்கள் வேறு வழியில் போனார்கள். அஸ்திவாரம் புதுசு, கைப்பிடி பழைய இடத்தில் என்று சின்னமன் என்ற முன்பக்கத்தை உண்டாக்கினார்கள். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இதையும் எதிர்ப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 8 வெளியிட்டது. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. உலகம் பூராவும் கூச்சல் கிளம்பிற்று. 2013-ல் பொத்தான் மட்டும் திரும்பி வந்தது. பழைய மாதிரி மெனு திரும்பியது 2015-ல், விண்டோஸ் 10-ல்தான். மூன்று வருஷம்! காசு கொடுத்து வாங்கியவர்கள் கம்பெனியின் மனசு மாறும்வரை காத்திருந்தார்கள். வரைபடம் கம்பெனியின் பெட்டியில் இருக்கிறது, சாவியும் கம்பெனியிடம் இருக்கிறது, ஜனங்களிடம் என்ன இருக்கிறது? புகார் மட்டும்தான்.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக் கொள்ளவும் கூடாது. லினக்ஸ் உலகத்திலும் எல்லாம் ஜனங்களைக் கேட்டு நடக்கிறது என்று நினைப்பது தவறு. உபுண்டுவை நடத்துவது கனானிக்கல் என்ற கம்பெனி. யூனிட்டியைக் கொண்டு வருவதென்று அதுவே முடிவு செய்தது. 2017 ஏப்ரலில் யூனிட்டியைக் கைவிட்டு க்னோமுக்கே திரும்புவதென்றும் அதுவே முடிவு செய்தது. ஆறு வருஷம் யூனிட்டியில் கை பழகியவர்கள் மறுபடி தடுமாறினார்கள். முதலில் அதைத் திட்டியவர்களில் சிலரே, பிற்பாடு அது போகிறதே என்று வருத்தப்பட்டார்கள். பழகிய கைக்கு அதுதான் சுபாவம்.

இன்னொன்று. உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. பழைய க்னோமை யாராவது உட்கார்ந்து பராமரித்தால்தான் அது உயிரோடு இருக்கும். மேட் தோழர்கள் பழைய முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பழைய கட்டுமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். அந்த வேலை 2017-ல்தான் முடிந்தது. பழசைக் காப்பாற்றுவதற்கும் புது உழைப்பு வேண்டும் என்பதுதான் இதன் பொருள். "மாறவே மாட்டேன்" என்று பழைய வெர்ஷனிலேயே உட்கார்ந்தவர்கள் கதி என்ன? பழைய க்னோமோடு 2010-ல் வந்த உபுண்டு பதிப்புக்கு, மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கான திருத்தங்கள் 2013-ல் நின்றன. கதவுக்குப் பூட்டில்லாத வீட்டில் குடியிருந்த மாதிரிதான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? எங்கள் தவறிலிருந்து நான் கற்றதைச் சொல்லுகிறேன். சங்க ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், படிப்பகம் எதுவாயினும் பொருந்தும்.

முதலாவது, மாற்றும் முன்பு அதில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள். லினக்ஸைக் கம்ப்யூட்டருக்குள் போடாமலே, ஒரு பென்டிரைவில் வைத்து ஓட்டிப் பார்க்க முடியும். அவரே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பின் பின்னால் ஓடாதீர்கள். நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்புகள் தனியாக வருகின்றன. உபுண்டுவில் அவை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும், ஐந்து வருஷம் திருத்தம் கிடைக்கும். அதை எடுத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பழகிய முகமே வேண்டுமென்றால் மேட், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ இருக்கின்றன. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டைப் போட்டு, உள்ளே நுழையும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நான்காவது, கெடு உள்ள வேலை இருக்கும் வாரத்தில் கை வைக்காதீர்கள். மனுக்களை முதலில் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ஐந்தாவது, பழகும் நேரமும் வேலை நேரமே. அதை வேலைக் கணக்கில் சேருங்கள். எது எங்கே போயிற்று என்று தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பெண் தோழரிடம், "தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது" என்று சொன்னேன். வாலிபத் தோழர் இரண்டு நாள் சாயந்திரம் வந்து உட்கார்ந்தார். பழைய மாதிரி மெனு உள்ள முன்பக்கத்தையும் கூடவே போட்டுக் கொடுத்தார். புதுசையும் காட்டினார். பழசிலேயே அவர் வேலையை ஆரம்பித்தார்.

இப்போது பார்த்தால், மனு தேடுவதற்கு அவரே புதுத் திரைக்குப் போகிறார். முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மனு வந்து நிற்கிறதாம், மெனுவில் இறங்கிப் போவதைவிட அது சுளுவாம். போன வாரம் எனக்கே சொல்லிக் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருக்கும் தாளும் அவர் கையெழுத்துத்தான்.

கேட்டுச் செய்திருந்தால் இதே இடத்துக்கு, அந்தத் திங்கட்கிழமையின் அவமானம் இல்லாமலே வந்து சேர்ந்திருப்போம். அடுத்த பதிப்பு வரும்போது முதலில் அவரைக் கேட்பதென்று ஆபீஸில் தீர்மானித்திருக்கிறோம்.