வளையல் கையிலேயே இருக்கட்டும்!

சென்ற மாதம் என் ஓரகத்தியின் மகள் கைக்குழந்தையோடு கூரத்துக்கு வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாள், குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே மெல்லப் பேச்சை ஆரம்பித்தாள்.

“பெரியம்மா, காஞ்சிபுரத்துல நல்ல அடகுக் கடையா ஒண்ணு சொல்லுங்களேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் இதுதான். யூடியூபில் சமையல் படம் போடுகிறாள். ஆறு மாதமாகியும் நாற்பது, ஐம்பது பேருக்கு மேல் பார்ப்பதில்லை. “போன்ல எடுத்தா யாரு பார்ப்பாங்க? அறுபதாயிரத்துல ஒரு கேமரா வாங்கிட்டா போதும்” என்கிறாள். அதற்கு முதல், கையில் கிடக்கும் இரண்டு வளையல்கள்!

நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. நானே பட்டவள்தான். ஒரு காலத்தில் பூ வேலை செய்யும் தையல் மெஷினைத் தவணையில் வாங்கினேன். துணி வெட்டத் தெரியாதவளுக்கு மெஷின் தானாகத் தைத்துக் கொடுக்குமா? தவணை முடியும் வரை அதன்மேல் துணிதான் மடித்து வைத்தேன். பக்கத்துத் தெரு அம்மாளோ பழைய கால் மெஷினில் ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொண்டிருந்தாள்.

“சரி, நீ எடுத்ததைக் காட்டு” என்றேன். காஞ்சிபுரம் இட்லி செய்திருந்தாள். முதல் ஒரு நிமிஷம் வணக்கமும் நலம் விசாரிப்பும். மிக்ஸி ஓடும்போதே பேசுகிறாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றதால் முகமும் இருட்டு, பாத்திரமும் இருட்டு. அரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைபட வேண்டுமே, அந்தப் பதத்தைக் காட்டும் இடத்தில் அவள் கையே மறைத்துவிட்டது.

“இதை அறுபதாயிரம் ரூபாய் கேமராவில் எடுத்தால் என்னடி ஆகும்? இருட்டும் இரைச்சலும் இன்னும் தெளிவாகத் தெரியும்!” என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர் கூரத்தாழ்வானைப் பற்றி வைணவப் பெரியோர் சொல்லும் ஒரு கதை உண்டு. ராமாநுஜரோடு காஷ்மீரம் போனபோது, கிடைத்த அரிய சுவடியைத் திரும்பப் பிடுங்கிக் கொண்டார்களாம். ராமாநுஜர் வருந்தியபோது, இரவுகளில் படித்து மனப்பாடம் செய்திருந்ததை ஆழ்வான் சொன்னாராம். சுவடி போனாலும் கற்றது போகவில்லை!

சினிமாவிலிருந்தும் ஒரு சேதி. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கு (1955) ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956), ஸ்டுடியோவுக்குள் போட்ட காசி வீட்டு முற்றத்துக்குப் பகல் வெளிச்சம் தேவைப்பட்டது. மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கின் ஒளி அதில் பட்டுத் திரும்பும்படி செய்தார் அவர். வெயில் எப்படி விழும் என்று உற்றுப் பார்த்த கண்தான் அங்கே வேலை செய்தது.

அந்த வித்தையை எங்கள் அடுப்படியிலும் செய்து பார்த்தோம். ஜன்னல் பக்கம் முகம் இருக்கும்படி நின்றாள். எதிர்ப்புறம் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்தோம். பாத்திரத்தின் நிழல் பக்கமும் துலங்கியது. போனின் கண்ணாடியில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மெல்லிய துணியால் துடைத்தோம். கை நடுங்காமலிருக்க அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்தோம். மிக்ஸி நின்ற பிறகே பேசச் சொன்னேன். நெய்யில் மிளகும் சீரகமும் பொரியும் இடத்தில் பேசவே வேண்டாம், அந்தச் சத்தமே போதும் என்றேன்.

பிறகு ஒரு பரீட்சை வைத்தோம். எதிர்வீட்டுப் புது மருமகளிடம் படத்தைக் கொடுத்து, “இதைப் பார்த்தே செய்” என்றோம். அவள் ஓடி வந்து, “வெந்துடுச்சுன்னு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டாள். அங்கேதான் குறை! நடுவில் குச்சியை விட்டு எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது என்பதைக் காட்டி, அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தாள்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்மாரும் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. வயல்வெளியும் விறகடுப்பும் கைப்பக்குவமும்தான் அவர்களுடைய மூலதனம்.

இன்னொரு கணக்கும் உண்டு, சகோதரிகளே. யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பிறர் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறும்படங்களை ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். அதுவரை அடகுக் கடை வட்டி காத்திருக்குமா?

எதையுமே வாங்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. சில நூறு ரூபாயில் சட்டையில் மாட்டும் மைக் கிடைக்கிறது. பேச்சு புரிய அது உதவும். கேமராவைச் சம்பாத்தியம் வந்தபின் வாங்கிக் கொள்ளலாம்.

ஊருக்குக் கிளம்பும்போது அவள் படத்தை நூறு பேர்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் பார்த்த ஒருத்தி, “செஞ்சேன், நல்லா வந்துச்சு” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டியபோது அவள் கையில் வளையல்கள் குலுங்கின. என் காதுக்கு அந்தச் சத்தம் இனிமையாக இருந்தது.