தூக்கப்பையும் ஒரு மூடாக்குதான்!

கேள்வி: ‘‘ஒன்றரை ஏக்கரில் கேரட் போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றித் தொல்லையால் என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி தோட்டத்துக் கொட்டகையில் காவல் படுக்கிறார். மகன் ஊட்டியில் ‘ஸ்லீப்பிங் பேக்’ ஒன்று வாங்கிக் கொடுத்தான். பனியன், சட்டை, இரண்டு ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அதற்குள் படுக்கிறார். ஆனாலும், பன்றி விரட்டிவிட்டு வந்து படுத்தால் விடியற்காலையில் நடுக்கம் தாங்கவில்லை என்கிறார். உள்ளே துணியே இல்லாமல் படுத்தால்தான் சூடு நிற்கும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரிச்சட்டி வைக்க ஆரம்பித்திருக்கிறார். எது சரி?’’

– வாசகி, ஊட்டி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பதில்: கடைசியாகச் சொன்ன விஷயத்துக்குத்தான் முதல் பதில். கரிச்சட்டி இன்று ராத்திரியே கொட்டகைக்கு வெளியே போக வேண்டும். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்போதும் அது வந்துகொண்டேதான் இருக்கும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைப்பகுதிகளில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்திகள் வந்திருக்கின்றன. குளிர் காய வேண்டுமானால் வெளியே, திறந்தவெளியில் காய்ந்துவிட்டு, நெருப்பை முழுவதும் அணைத்த பிறகுதான் படுக்கப் போக வேண்டும்.

இனி தூக்கப்பைக்கு வருவோம்.

பை சூடு தருவதில்லை

உறைபனிக் காலத்தில் தேயிலை நாற்றங்காலுக்கும் காய்கறி நாற்றுக்கும் காய்ந்த புல், தழை போட்டு மூடுவது மலை விவசாயிகளுக்குப் பழக்கமான வேலை. அந்தப் புல்லில் சூடு கிடையாது. மண்ணில் இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தூக்கப்பையும் அப்படி ஒரு மூடாக்குதான். அசையாமல் படுத்திருக்கும் ஒருவரின் உடம்பிலிருந்து சுமார் 70, 80 வாட் அளவுக்கு வெப்பம் வெளியேறுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் அதிகம். பைக்குள் திணித்திருக்கும் பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் அந்தச் சூட்டைக் காக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். இரண்டு ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டு, பைக்குள் திணித்துக்கொண்டு படுத்தால் பஞ்சு உள்ளிருந்து நசுங்குகிறது. பஞ்சு நசுங்கினால் காற்றுக்கு இடமில்லை. மிதித்து அமுக்கிய மூடாக்கு போல, கனம் இருந்தும் பயன் குறைந்துவிடும். துணியே இல்லாமல் படுப்பதும் சரியில்லை. உடம்பை ஒட்டிய ஒரு சூட்டுப் படலம் வீணாகிறது. வியர்வையும் அழுக்கும் நேரே பையில் இறங்கி, நாளடைவில் பஞ்சு கட்டிதட்டிப் போகும்.

நடுக்கத்துக்குக் காரணம் ஈரம்

பன்றி விரட்டிவிட்டு வந்து படுத்த பிறகுதான் நடுக்கம் வருகிறது என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் ஓடி விரட்டினால் எந்தக் குளிரிலும் வியர்க்கும். பனிப்புல்லில் நடந்து காலுறையும் பேன்ட் ஓரமும் நனையும். அப்படியே வந்து பைக்குள் படுத்தால், ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு, ராத்திரியில் குளிர் மிக அதிகமாவது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான். ஈர உடுப்பும் அந்த நேரமும் சேரும்போது நடுக்கம் வராமல் இருக்காது.

பருத்தி பனியன் வெயில் காலத்துக்கு நல்ல துணி. வியர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது என்பதால் குளிருக்கு ஆகாது. கம்பளி அப்படியல்ல. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் சூட்டை விட்டுக்கொடுக்காது. நீலகிரி செம்மறியாடே நல்ல கம்பளிக்குப் பெயர்பெற்ற இனம்தான். சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கம்பளி கிடைக்காதவர்கள், கடைகளில் ‘தெர்மல்’ என்று விற்கும் செயற்கை இழை உள்ளாடையை வாங்கலாம். அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

படுக்கும்போது என்ன போட வேண்டும்?

தூக்கத்துக்கென்று ஒரு ஜோடி உடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கோ காவலுக்கோ அதைப் போடவே கூடாது.

* உடம்பை ஒட்டி, இறுக்காத முழுக்கை மேலாடையும் முழுக்கால் உள்ளாடையும். கம்பளியோ தெர்மலோ ஒன்று போதும்.

* குளிர் கடுமையாக இருந்தால் அதன் மேல் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. பைக்குள் கை கால்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும்.

* காய்ந்த காலுறை. இறுக்கமான காலுறை ரத்த ஓட்டத்தைக் குறைத்து, பாதத்தை இன்னும் சில்லிட வைக்கும்.

* காதை மூடும் கம்பளிக் குல்லாய். மூக்கும் வாயும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மூச்சு விட்டால் அந்த ஈரம் பையிலேயே தங்கிவிடும்.

* ஜெர்கினைப் போட்டுக்கொண்டு படுக்காமல், பையின் மேல் போர்வையாகப் போட்டுக்கொள்ளலாம். எழுந்து போகும்போது அதைப் போட்டுக்கொண்டால், வெளிக்குளிருக்கும் ஆயிற்று.

விரட்டிவிட்டு வந்ததும் வியர்வையைத் துணியால் துடைத்து, உடுப்பை மாற்றிய பிறகே படுக்க வேண்டும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது அது சோம்பலாக இருக்கும். ஆனால், விடியற்காலை நடுக்கத்தை நிறுத்துவது அந்த 5 நிமிட வேலைதான்.

இன்னொன்று: பூச்சிமருந்து அடித்த அன்று போட்டிருந்த எந்தத் துணியும் தூக்கப்பைக்குள் போகக் கூடாது. ராத்திரி முழுவதும் மருந்து தோலில் பட்டுக்கொண்டிருக்கும். குளித்து, மாற்றுடை போட்ட பிறகே படுக்கைக்குப் போக வேண்டும்.

கீழே இருந்து வரும் குளிர்

உடம்பின் கனத்தால் பையின் அடிப்பகுதிப் பஞ்சு நசுங்கிவிடும். அதனால் தரை வழியாகத்தான் சூடு அதிகம் போகும். மேலே இன்னொரு போர்வை போடுவதைவிட, கீழே நல்ல விரிப்பு போடுவது பலன் தரும். கட்டில் அல்லது பலகை மேல் காய்ந்த புல்லைத் தடிமனாகப் பரப்பி, அதன் மேல் தார்ப்பாய் விரித்துப் படுக்கலாம். வெறும் கயிற்றுக் கட்டிலென்றால் கீழே காற்று புகும், அதற்கும் விரிப்பு தேவை. மருந்து வந்த சாக்கு, பை எதையும் விரிப்பாகப் பயன்படுத்தக் கூடாது.

கொட்டகை இருக்கும் இடமும் முக்கியம். கனமான குளிர்காற்று, தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்கும். உறைபனியில் பள்ளத்துப் பயிர் முதலில் கருகுவது அதனால்தான். காவல் கொட்டகையைக் கொஞ்சம் மேட்டில், காற்று நேரே அடிக்காத பக்கமாகப் போடுவது நல்லது.

பையில் எழுதியிருக்கும் எண்

சில பைகளில் வெப்பநிலை அச்சடித்திருப்பார்கள். முறையாகச் சோதித்த பையில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என இரண்டு எண்கள் இருக்கும். வாங்கும்போது ‘கம்ஃபர்ட்’ எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஊட்டிப் பக்கம் உறைபனி நாள்களில் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கும் என்பதால், அந்த எண் 0 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. உள்ளே தெர்மல் உடுப்பும் காலுறையும் போட்டு, கீழே விரிப்பும் இருந்தால் என்ற கணக்கில்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள்.

படுப்பதற்கு முன்

வயிறு காலியாக இருந்தால் உடம்பில் சூடு பிறக்காது. சாப்பிட்டு நேரமாகிவிட்டால் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் போதும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். ஒத்தடப் பையில் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். குளிருக்கு மது நல்லது என்பது தவறு. அது தோலுக்கு ரத்தத்தைக் கூட்டி, சூடேறியது போலக் காட்டும். உண்மையில் உள்சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. போதையில் நடுக்கத்தையும் உணர முடியாது.

காலையில் பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். பகலில் சுருட்டி இறுக்கிக் கட்டாமல், எலி எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் பஞ்சு உப்பலாகவே இருக்கும்.

இதைக் கண்டால் காத்திருக்கக் கூடாது

நடுக்கத்தோடு பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, சொன்னதையே சொல்வது எல்லாம் உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள். அந்த நிலையில் நடுக்கம் தானாக நின்றுவிட்டால் குளிர் விட்டுவிட்டது என்று எண்ணக் கூடாது, ஆபத்து முற்றிவிட்டது என்று அர்த்தம். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்த கம்பளியால் தலை முதல் கால் வரை போர்த்த வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

காவலுக்குப் போகிறவரிடம் செல்போன் இருக்கட்டும். பன்றியோ காட்டுமாடோ வந்தால் தூக்கக் கலக்கத்தில் வெளியே ஓடாமல், கொட்டகையிலிருந்தே டார்ச் அடித்துச் சத்தம் கொடுக்கட்டும். அப்படிச் செய்தால் வியர்வையும் குறையும். ஒரு பாத்தி கேரட் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். இன்று ராத்திரி அவர் கிளம்பும்போது, மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காய்ந்த உடுப்பையும் காலுறையையும் பையில் வைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.