நகரவாசிகளின் அசிரத்தை

தமிழ்நாட்டில் 2022-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி நடைபெற்ற நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களின் கணக்கு, பொது நலனில் நாட்டமுள்ள ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்கத் தக்கது. பேரூராட்சிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் வோட்டுச் செய்தனர். நகராட்சிகளில் 68 பேர். மாநகராட்சிகளில் 52 பேரே. தலைநகராகிய சென்னையிலோ 44 பேருக்கும் குறைவு. ஊர் பெரிதாகப் பெரிதாக, கல்விச்சாலைகளும் பத்திரிகைகளும் பெருகப் பெருக, வோட்டுச் சாவடிக்குச் செல்வோர் தொகை குறைந்துகொண்டே வருகிறதென்பதே இக்கணக்கின் தாத்பர்யம்.

நமது தஞ்சைக்கு இது விசேஷமாகக் கவலை தரவேண்டிய விஷயம். 1866-ல் நகரசபை பெற்ற இவ்வூர், 2014-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. உயர்ந்த பிறகு நடந்த முதல் தேர்தல் 2022-ல் நடந்ததுதான். முந்திய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அது முதல் ஐந்து வருஷங்களுக்கு மேலாக, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதிகூட இல்லாமல், உத்தியோகஸ்தர்களே நகரத்தை நிர்வகித்தார்கள். ஒரு மன்றத்தின் காலம் முடிவதற்குள் அடுத்த மன்றத்தின் தேர்தல் நடந்து முடிய வேண்டுமென்று அரசியல் சாசனத்தின் 243-யு பிரிவு கூறுகிறது. எல்லை வரையறை, இட ஒதுக்கீடு, வழக்குகள் என்று தாமதத்துக்குக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. காரணம் எதுவாயினும், ஒரு மன்றத்தின் முழு ஆயுட்காலமும் ஜனங்களிடமிருந்து பறிபோயிற்று. அதைக் குறித்து நமது படித்த வீதிகளில் எழுந்த கூக்குரல் மிகச் சொற்பமே. உரிமையை இழந்தும் உறங்கியவர்கள், உரிமை திரும்பிய நாளிலும் உறங்கினால் அதில் வியப்பென்ன?

தஞ்சை நகரத்துக்கு அரசியல் அபிப்பிராயம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1962-ல் காங்கிரஸ் ஆதிக்கத்துக்கு எதிராக மு. கருணாநிதியைச் சட்டசபைக்கு அனுப்பியது இத்தொகுதியே. பிற்காலத்தில் நான்கு முறை தி.மு.க.வின் எஸ்.என்.எம். உபயதுல்லாவைத் தேர்ந்தது, 2011-லும் 2016-லும் அ.தி.மு.க.வின் பக்கம் சாய்ந்தது. 2019-லும் 2021-லும் மீண்டும் தி.மு.க.வுக்குத் திரும்பியது. எந்தக் கக்ஷிக்கு வோட்டளிப்பது என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதில் நாம் தலையிட விரும்பவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எந்தக் கக்ஷியின் கொள்கையும் அன்று என்பதைத்தான் நாம் வற்புறுத்துகிறோம்.

2016-ல் நேர்ந்த மானக்கேட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருஷம் மே 16-ந் தேதி மாநிலமெங்கும் தேர்தல் நடந்தபோது, தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் மட்டும் நடைபெறவில்லை. வோட்டர்களுக்குப் பணமும் பரிசுகளும் வழங்கப்பட்டதைக் காரணங்காட்டி, தேர்தல் கமிஷன் முதலில் தேதியை ஒத்திவைத்து, மாதக் கடைசியில் தேர்தலையே அடியோடு ரத்துச் செய்தது. நவம்பர் 19-ந் தேதி மறுபடி தேர்தல் நடந்தபொழுது, பிரதான கக்ஷிகள் இரண்டும் அதே அபேட்சகர்களையே நிறுத்தின. பெரிய கோயிலால் உலகெங்கும் அறியப்பட்ட ஊர், வோட்டு விலைபோகும் ஊரென்றும் பெயரெடுத்தது.

இதைக் கேட்டு முகஞ் சுளிக்கும் கனவான்களை நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். பத்தாயிரம் வோட்டர்களுள்ள ஒரு வட்டத்தில் ஐயாயிரம் பேரே வோட்டளித்து, போட்டியும் இருமுனைப் போட்டியாக இருந்தால், இரண்டாயிரத்து ஐந்நூற்றொருவர் வெற்றியைத் தீர்மானித்துவிடுகிறார்கள். எட்டாயிரம் பேர் வந்தால் நாலாயிரத்தொருவர் வேண்டும். ஆகவே, வராத மூவாயிரம் பேர் பணமூட்டைக்காரனுக்கு ஆயிரத்தைந்நூறு வோட்டுக்களின் கிரயத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார்கள். கை நீட்டிப் பணம் வாங்கியவன் குற்றவாளியென்றால், அவன் வோட்டுக்கு அத்தனை பெறுமதி உண்டாகும்படி ஒதுங்கி நின்றவனுக்குப் பங்கில்லையா?

நாம் நியாயவாதத் தொழிலில் பழகியவர்களாதலால், எதிர்வாதத்தையும் மறைப்பதற்கில்லை. 2016 நவம்பரில் அரவக்குறிச்சியில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் வோட்டளித்தனர். தஞ்சையில் ஏறத்தாழ 69 பேர். ஆயினும் முன்னர் இரண்டு இடத்துத் தேர்தலும் ஒரே குற்றத்துக்காகவே ரத்தாகியிருந்தது. கூட்டம் மிகுந்துவிட்டால் மட்டும் ஊழல் ஒழிந்துவிடாதென்பது உண்மை. வோட்டர் ஜாபிதாக்களில் இறந்தவர்களும் குடிபெயர்ந்தவர்களும் நிரம்பியிருப்பதும் உண்மை. 2025-ல் நடந்த விசேஷத் திருத்தத்தின்போது, டிசம்பர் மாத நகல் ஜாபிதாவில் மாநிலமெங்கும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் விடப்பட்டிருந்தன. பிழைப்புக்காக ஜனங்கள் அடிக்கடி இடம் மாறும் நகரங்களில் கணக்கு உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஆனால் 75-க்கும் 52-க்கும் இடையேயுள்ள வித்தியாசம் முழுவதையும் செத்தவர் தலையில் சுமத்திவிட்டு, உயிரோடிருப்பவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

வோட்டுரிமை நமக்கு எளிதில் கிட்டியதன்று. சோழ மன்னன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையில், சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் உடையவர் பெயரே இடம்பெறலாம். 1919-ம் வருஷச் சீர்திருத்தத்தின் கீழும், சொத்தும் வரியுமே வோட்டுக்கு அளவுகோல். பெரிய மிராசுதாரருக்கு வோட்டு இருந்தது. அவருடைய நிலத்தில் நாற்று நட்ட பண்ணையாளுக்கு இல்லை. பல்லாயிரம் பேர் சிறை புகுந்து பெற்ற சுயராஜ்யத்தில்தான், அரசியல் சாசனத்தின் மூலம், வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் ஒரே மதிப்புள்ள வோட்டுக் கிடைத்தது. அன்று மறுக்கப்பட்டவர்களின் சந்ததியார் இன்று வரிசையில் நிற்கிறார்கள். அன்று உரிமை படைத்திருந்தவர்களின் சந்ததியாரில் பலர் அன்றைய தினத்தை ஓய்வு நாளாகக் கழிக்கிறார்கள்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு, 2027 மார்ச்சில் முடிவடையும் காலமாகும். சர்க்காருக்கு நமது கோரிக்கை ஒன்றே: சாசனம் வகுத்த தவணைக்குள் தேர்தல் நடந்து தீர வேண்டும், மறுபடியும் ஒரு உத்தியோகஸ்தர் ஆட்சியை நாம் சகிக்க இயலாது. நகரவாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜாபிதாவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்பொழுதே பாருங்கள், இல்லையேல் மனுச் செய்யுங்கள். தேர்தலன்று வீட்டிலுள்ள முதியோரையும் வாலிபரையும் உடன் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

முறைத் தண்ணீர் வரும் வேளையில் மடையண்டை நில்லாதவன் வயல் காயும்; பிறகு காவேரியை நொந்து பயனில்லை. இது நமது ஜில்லாவில் குடியானவர் அனைவரும் அறிந்தது. நகரத்தார் மட்டும் அறியாதிருக்கலாமா?