ஓய்வு கொடுத்தோமா? ஒதுக்கி வைத்தோமா?



அரசு ஊழியருக்குத் தான் ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். வியாபாரிக்கு அப்படியல்ல. ஒருநாள் மகன் வந்து, "இனி நீங்க சிரமப்பட வேணாம் அத்தா, வீட்ல இருங்க" என்கிறான். பாசத்தோடுதான் சொல்கிறான். ஆனால் நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்தவரின் கையை விட்டு அன்று போவது சாவிக்கொத்து மட்டுமா? பெயர் சொல்லி வந்த வாடிக்கையாளர், யோசனை கேட்டு வந்த சக வியாபாரி, காலையில் எழுவதற்கென்று இருந்த ஒரு காரணம், எல்லாமே போய்விடுகிறது.

வளைகுடாவிலிருந்து திரும்பியவரின் நிலை இன்னும் கொடுமை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்தாளியாக வந்து போனவர், நிரந்தரமாகத் திரும்பியதும் சொந்த வீட்டிலேயே அந்நியராகிறார்.

தூக்கம் கெடுகிறது. உணவு குறைகிறது. எரிச்சல் கூடுகிறது, பிறகு பேச்சே நின்றுவிடுகிறது. 'வயசானா அப்படித்தான்' என்கிறோம். தவறு! மனச்சோர்வு முதுமையின் இயல்பு அல்ல, சிகிச்சையுள்ள நோய். 'ஈமான் குறைவு' என்று தீர்ப்பளிப்போரும் நம்மில் உண்டு. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் பூத்துப்போனதைத் திருக்குர்ஆன் சொல்கிறதே, அவர்களுக்கு ஈமான் குறைவா? தாயத்தைத் தேடி ஓடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் 'டெலி மனாஸ்' 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருந்து மட்டும் போதுமா? போதாது.

வியாபாரிகளே! கடையை ஒரே நாளில் ஒப்படைக்காதீர்கள், படிப்படியாகக் கைமாற்றுங்கள். பிள்ளைகளிடம் கை நீட்டாதபடி உங்களுக்கென ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நடங்கள். பழைய நண்பர்களை விட்டுவிடாதீர்கள்.

இளைஞர்களே! பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. சட்டம் பணத்தை வாங்கித் தரும், "நீங்க என்ன சொல்றீங்க அத்தா?" என்ற ஒரு கேள்வியை வாங்கித் தருமா? முதிய பெற்றோரிடம் 'சீ' என்று கூடச் சொல்லாதே என்கிறது மார்க்கம். நாம் சீ என்று சொல்வதில்லை; ஒன்றுமே சொல்வதில்லை! அதுவும் நோவினைதான்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கணக்கில் கை தேர்ந்த பெரியவர்கள் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து கிடக்க, பைத்துல்மால் கணக்கு எழுத ஆளில்லை என்று புலம்புகிறோம். அவர்களை அழைத்து ஏட்டைக் கொடுங்கள். குடும்பப் பிணக்குகளைத் தீர்க்கும் குழுவில் அமர்த்துங்கள். கடை வைக்கத் துடிக்கும் இளைஞனுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். அஸருக்குத் தவறாமல் வருபவர் இரண்டு நாள் வராவிட்டால் வீடு தேடிச் செல்லுங்கள்.

இன்றிரவு கடை அடைத்ததும் நேராகச் செல்பேசியை எடுக்காமல், அத்தாவின் அருகில் அமர்ந்து அன்றைய வியாபாரத்தைச் சொல்லுங்கள். அவர் குறை சொன்னாலும் கேளுங்கள். நாளை அந்த நாற்காலி நமக்கும் காத்திருக்கிறது.

சிந்திப்போம்! செயல்படுவோம்! அல்லாஹ் அருள் புரிவானாக!