வரி போட்டால் வண்டி நிற்குமா?

“இறக்குமதி வரியை ஏற்றினால் சீன மின்கார்கள் வராது, உள்ளூர் வேலை பிழைக்கும்” என்கிறார்கள். நடந்தது வேறு.

1. 2024 அக்டோபர் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம், இருந்த 10 சதவீதத்துக்கு மேல் சீன நிறுவனங்களான பிஒய்டிக்கு 17, எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம் வரி போட்டது. ஷாங்காயில் தயாராகும் டெஸ்லாவுக்கும் 7.8. கம்பெனி எந்த நாட்டுடையது என்பதா கணக்கு? கார் எங்கே தயாராகிறது என்பதுதான்.

2. அந்த வரி பேட்டரியில் மட்டும் ஓடும் கார்களுக்கே. பிளக்-இன் ஹைபிரிட்டுக்குக் கிடையாது. சீன நிறுவனங்கள் ஹைபிரிட்டை அனுப்பின. வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்தால் யார் குற்றம்?

3. துருக்கி 2024 ஜூனில் சீனக் கார்கள் மீது 40 சதவீதக் கூடுதல் வரியை அறிவித்தது. ஜூலையில், முதலீடு செய்வோருக்கு விலக்கு. அதே ஜூலையில் மனிசாவில் ஆலை கட்ட பிஒய்டி 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. வரி தடுக்கவில்லை, உள்ளே அழைத்தது.

4. சரி, ஆலை வந்தால் வேலை வருமே? பிரேசிலின் கமசாரியைப் பாருங்கள். அங்கும் வரி படிப்படியாக ஏறியது, பிஒய்டி ஆலை கட்டியது. 2024 டிசம்பரில், ஒப்பந்த நிறுவனம் சீனாவிலிருந்து கூட்டிவந்த 163 தொழிலாளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். மெத்தையில்லாத கட்டில்கள். ஒரு விடுதியில் 31 பேருக்கு ஒரே குளியலறை. இந்த வேலையையா காப்பாற்றினீர்கள்?

வேலைதான் நோக்கமென்றால், உள்ளூர் ஆள் எத்தனை, உள்ளூர் உதிரிபாகம் எத்தனை என்பதை முதலீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.