கன இசையைப் பதிவுசெய்ய ஒரு காது வேண்டும்

தைப்பூசத்தன்று உறுமி மேளத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து, பிறகு வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நேரில் நெஞ்சை அதிரவைத்த ஒலி, கைப்பேசியில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்கும். எங்கள் இசைக்குழு இப்போது சந்திக்கும் சிக்கலும் அதுதான்.

பொங்கோலில் வளர்ந்த நாங்கள் நால்வர் ஒரு மெட்டல் இசைக்குழு வைத்திருக்கிறோம். நான் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். ஆறு பாடல்கள் தயார். ஆனால், வரும் ஜனவரியில் எங்கள் டிரம்ஸ் கலைஞர் தேசிய சேவையில் சேர்கிறார். அதற்குள் பதிவுசெய்யாவிட்டால், இந்தப் பாடல்கள் பயிற்சி அறையைத் தாண்ட ஈராண்டுகள் ஆகலாம்.

பகுதிநேர வேலை பார்த்தும் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தும் நால்வரும் சேர்த்த பணம் 2,000 வெள்ளி. அனுபவமிக்க ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று 5,000 வெள்ளிக்கு மேல் கேட்டது. திருமண நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் ஒருவர், பாடலுக்கு 100 வெள்ளி போதும் என்றார். ஒரு பாடலை அவரிடம் கொடுத்துப் பார்த்தோம். குரல் தெளிவாக இருந்தது. டிரம்ஸும் பேஸ் கித்தாரும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன.

அதைக் கேட்ட அம்மா, “இந்த இரைச்சலுக்கா இவ்வளவு பணம்?” என்றார்.

“இரைச்சலா கேட்கக்கூடாதுன்னுதாம்மா பணம்,” என்றேன்.

எதற்குப் பணம்?

மெட்டல் இசையில் டிரம்ஸ் கலைஞர் இரண்டு கால்களாலும் பெரிய முரசை அடிப்பார். நிமிடத்துக்கு 200 தாளத் துடிப்புகள், ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு அடிகள் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 13 அடிகள். அதே நேரத்தில் என் பேஸ் கித்தாரின் தடித்த நரம்பு விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. முரசின் ஒலியும் அதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்காவிட்டால், இரண்டுமே காணாமல் போகும்.

இடம் ஒதுக்கும் வேலையை ஒலிப் பொறியாளர் செய்கிறார். பணம் நிறைய இருந்தால் மட்டும் அது சரியாக அமைந்துவிடாது. மெட்டாலிக்கா குழு 1988ல் வெளியிட்ட ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பில் பேஸ் கித்தார் கிட்டத்தட்ட கேட்பதே இல்லை. உலகப் புகழ்பெற்ற குழுவுக்கே அந்தக் கதி!

கருவிகளின் விலையோ வெகுவாகக் குறைந்துவிட்டது. ‘ரீப்பர்’ என்னும் ஒலிப்பதிவு மென்பொருளைத் தனிநபர்கள் 60 அமெரிக்க டாலருக்கு வாங்கலாம். கித்தாரை நேராகக் கணினியில் இணைத்து, ஒலிபெருக்கியின் முழக்கத்தை மென்பொருளிலேயே உருவாக்கலாம். வீவக வீட்டில் அண்டைவீட்டாரின் தூக்கம் கெடாது. ஆனால், டிரம்ஸுக்கு நல்ல அறையும் எட்டுப் பத்து ஒலிவாங்கிகளும் தேவை. ஆக, இன்றும் விலை குறையாதவை இரண்டு: அந்த அறை, பழகிய காது.

முன்னோர் நடந்த பாதை

சிங்கப்பூர்த் தமிழருக்கு மெட்டல் இசை புதிதன்று. 1992ல் இங்கே தோன்றிய ‘ருத்ரா’ குழு, சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தக் கருத்துகளையும் மெட்டல் இசையில் கொண்டுவந்து ‘வேத மெட்டல்’ என்ற அடையாளத்தைப் பெற்றது. அதன் முதல் இசைத்தொகுப்பு வெளியானது 1998ல். ஆறு ஆண்டுக் காத்திருப்பு! அந்தப் பதிவுகள் இருப்பதால்தான் அப்போது பிறந்தே இராத நான் இன்று அவர்களைக் கேட்கிறேன். பதிவாகாத இசைக்குழு, கேட்டவர்களின் நினைவோடு முடிந்துவிடும்.

குறைந்த செலவில் நல்ல பொறியாளரைப் பெற்ற குழு உண்டா என்று தேடியபோது, பிரேசிலின் ‘செபல்டுரா’ குழுவின் கதை கிடைத்தது. 1988ன் இறுதியில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்காட் பர்ன்ஸ் என்ற பொறியாளர் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து அவர்களின் இசையைப் பதிவுசெய்தார். அவர் பெற்ற ஊதியம் வெறும் 2,000 அமெரிக்க டாலர். பிரேசிலைப் பார்க்கும் ஆர்வமும் அவர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம். மறு ஆண்டு வெளியான ‘பினீத் த ரிமெய்ன்ஸ்’ அந்தக் குழுவை உலகறியச் செய்தது. பர்ன்ஸும் அந்த இசையில் மிகவும் தேடப்படும் பொறியாளர்களில் ஒருவரானார்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. “யார் குறைவாகக் கேட்பார்?” என்று நாங்கள் அலைந்தது தவறு. “எங்கள் இசைத்தொகுப்பால் யாருக்கு நன்மை?” என்று கேட்டிருக்க வேண்டும்.

இங்கே என்ன செய்யலாம்?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைப்பள்ளியில் ஒலிப்பதிவுத் துறையைப் பாடமாகப் பயிலலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் ஒலித் தொழில்நுட்பம் கற்கும் மாணவர்கள் உள்ளனர். அவர்களுக்கு வேலை தேட நல்ல பதிவுகள் வேண்டும். எங்களுக்கோ பதிவுசெய்ய ஆள் வேண்டும். ஒரே எம்ஆர்டி ரயிலில் பயணம் செய்தாலும் இரு தரப்பும் சந்திப்பதில்லை.

தேசிய கலைகள் மன்றம் கலைப் படைப்புகளுக்கு மானியம் தருகிறது. எஸ்பிளனேடின் ‘பேபீட்ஸ்’ விழா வளரும் குழுக்களை மூத்த கலைஞர்களோடு இணைக்கிறது. அதே முறையில் ஓர் இளம் குழு, ஒரு மாணவப் பொறியாளர், வழிகாட்ட ஒரு மூத்த பொறியாளர் ஆகியோரை இணைத்து, ஒரு பதிவுக்கூடத்தில் ஒரு வார இறுதியை ஒதுக்கினால் என்ன? ‘ஸ்னேக்வீட்’ கூடத்தின் லெனர்ட் சூசை போன்றோர் உள்ளூர் ராக், மெட்டல் குழுக்கள் பலவற்றைப் பதிவுசெய்து சேர்த்த அறிவு, அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர வேண்டாமா?

“மாணவர்களின் உழைப்பை மலிவாகச் சுரண்டும் யோசனை இது,” என்று ஒரு நண்பர் கூறினார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ‘உனக்குப் பெயர் கிடைக்கும்’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவது இசைத்துறையின் பழைய நோய். ஆகவே, தொகை, திருத்தங்களின் எண்ணிக்கை, தொகுப்பில் இடம்பெறும் பெயர் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும்.

நாங்களும் அப்படித்தான் செய்தோம். இறுதியாண்டு மாணவி ஒருவர் ஒப்புக்கொண்டார். மெட்டல் இசையைப் பதிவுசெய்வது அவருக்கும் முதல் முறை. அவருக்கு 1,000 வெள்ளி. டிரம்ஸுக்காக ஒருநாள் கூட வாடகை 600 வெள்ளி. கித்தார்களை என் அறையிலேயே பதிவுசெய்கிறோம். மீதி 400 வெள்ளியை எதிர்பாராச் செலவுக்கு வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் அவர் எங்கள் பயிற்சிக்கு வந்தார். ஒரு மணி நேரம் எதையும் பதிவுசெய்யவில்லை. ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்து, “மூன்றாவது பாட்டில் உங்கள் பேஸும் முரசும் மோதுகின்றன. நீங்கள் கொஞ்சம் மேல் சுரத்தில் வாசித்துப் பார்க்கிறீர்களா?” என்றார்.

வாசித்தேன். முதல்முறையாக இரண்டும் தனித்தனியாகக் கேட்டன.